எல்லாரும் இறங்கியாச்சா?

கறுப்பு வண்டி சாய்ந்திருந்தது.

அதிகமாக இல்லை. ஒரு விரற்கடை இருக்கும். பழைய கார்கள் விற்கும் அந்த யார்டில், தகரக் கூரையின்மேல் மழை ஒரே சுருதியில் கொட்டிக்கொண்டிருக்க, மெழுகு வாசனையும் ஈர ரப்பர் வாசனையும் கலந்து மூக்கை அடைக்க, துடைத்துப் பளபளப்பாக்கி நிறுத்தியிருந்த வண்டிகளில் அது ஒன்று மட்டும் பின்பக்க இடது சக்கரத்தின்மேல் லேசாக அமுங்கி நின்றது. பின்சீட்டில் ஜன்னலோரமாக யாரோ உட்கார்ந்திருந்தால் வண்டி எப்படி நிற்குமோ அப்படி.

அவன் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தான். யாரும் இல்லை.

மச்சினனிடம் காட்டினான். அவன் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, வண்டி நேராகத்தான் இருக்கிறது, மாமாவுக்குத்தான் தூக்கமில்லாமல் கண் சாய்ந்துவிட்டது என்றான்.

தூக்கமில்லாதது உண்மை. ஆனால் சாய்மானம் விஷயத்தில் அவன் கண் பொய் சொன்னதில்லை. ஊருக்கு வெளியே, லாரிகளை நிறுத்தி எடை போடுகிற மேடையில் அவனுக்கு வேலை. லாரி ஏறும்போதே எந்தப் பக்கம் சரக்கு, எந்தப் பக்கம் வெறும் காற்று என்று தெரிந்துவிடும். முதலில் காலி லாரியை ஏற்றுவார்கள். அவன் கேபினிலிருந்து மைக்கில், "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று ஒரு குரல் கொடுப்பான். இறங்கியாச்சு என்று பதில் வந்தபிறகுதான் சைபர் பொத்தானை அழுத்துவான். அழுத்திய நொடியில் மேடைமேல் நிற்பது எதுவோ அது இல்லை என்று ஆகிவிடும். அதற்குமேல் ஏற்றுகிற சரக்குக்குத்தான் எடை. கிளீனர் ஒருத்தன் உள்ளே படுத்துத் தூங்கும்போது தெரியாமல் அழுத்திவிட்டால், அவனும் வண்டியோடு வண்டி. மேடையைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஆள் பிறக்கவே இல்லை.

இந்தக் கேள்வி வீட்டில் பெரிய கேலி. விருந்தாளிகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும்போதெல்லாம் அவன் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எல்லாரும் இறங்கியாச்சா, எடைக்காரரே?" என்பாள். அவன் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதே கிடையாது. எடைக்காரரே. கோபத்திலும் அதுதான், கொஞ்சலிலும் அதுதான்.

மாடிப்படியில் வழுக்கி விழுந்தபிறகு இடுப்பில் கை வைக்கவும் முடியவில்லை.

முதுகெலும்பு. நரம்பு நசுங்குகிறது என்றார்கள். தூரத்து நகரத்தில் ஒரே ஒரு டாக்டர்தான் அதைத் தொட ஒப்புக்கொண்டார். நாளை மாலைக்குள் அவள் அங்கே படுக்கையில் இருக்க வேண்டும். முதலில் கொடுத்த தேதிக்கு ஆம்புலன்சில்தான் கிளம்பினார்கள். பாதி வழியில், ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் போட்ட கூச்சலில் டிரைவரே ஓரங்கட்டி அழுதுவிட்டார். என்னை இங்கேயே ரோட்டில் இறக்கிப் போட்டுவிட்டுப் போங்கள் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். திரும்பி வந்தார்கள். இப்போது கிடைத்திருப்பது இரண்டாவது தேதி. இதையும் விட்டால் கால்கள் போய்விடும், அப்புறம் கத்தி வைத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் போனில் சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

குலுங்காத வண்டி வேண்டும். இன்றைக்கே வேண்டும். மச்சினன்தான், பணக்காரர்கள் ஓட்டித் தள்ளிவிட்ட பெரிய வண்டிகள் இந்த யார்டில் கிடைக்கும் என்று அழைத்து வந்திருந்தான்.

யார்டுக்காரரை எல்லாரும் பாலிஷ் என்று கூப்பிட்டார்கள். வண்டிக்குப் போடுவதில் பாதியை வார்த்தைக்கும் போடுகிற மனிதர். இரண்டு வண்டிகளைக் காட்டினார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். கறுப்பு மூத்தது, வெள்ளை பல வருடம் இளையது.

"அக்கா தங்கச்சி மாதிரி சார். அக்காவுக்குப் பொறுமை ஜாஸ்தி, தங்கச்சிக்கு வேகம் ஜாஸ்தி. உங்களுக்கு எது ஒத்துப்போகும்னு நீங்கதான் பாத்துக்கணும்."

மச்சினனுக்கு வெள்ளைமேல்தான் கண். நேற்றே, ஓட்டிப் பார்க்கிறேன் என்று அதைக் கேட்டு வாங்கி எடை மேடைவரை கொண்டுவந்து காட்டியிருந்தான். எடைக்காரனும் சும்மா இருக்காமல் மேடையில் ஏற்றி, காலி வண்டியின் எடையைப் பார்த்து வைத்திருந்தான். தொழில் புத்தி. எந்த எண்ணைப் பார்த்தாலும் மண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

கறுப்பு வேண்டாம் என்பதற்கு மச்சினனிடம் காரணங்கள் இருந்தன. எஞ்சினுக்கடியில் எண்ணெய்க் கசிவு. பாகங்கள் கிடைக்காது. பாதி வழியில் நின்றால் நடக்க முடியாத அக்காவை யார் தூக்குவது? வெள்ளை அப்படியில்லை. திரை இருக்கிறது, கேமரா இருக்கிறது, சத்தமே உள்ளே வராது.

"கதவச் சாத்திட்டா உள்ள உக்காந்து கத்தினாக்கூட வெளியே கேக்காது மாமா. அவ்வளவு டைட்டு."

வாசலில் நின்ற அவர்களுடைய சின்னக் காரின் பின்சீட்டில், தலையணைகளுக்கு நடுவே படுத்திருந்த அவளுக்கு அது கேட்டுவிட்டது.

"நான் கத்தறது ஊருக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு பெரிய வண்டி தேடறியாடா?"

மச்சினன் முகம் சுருங்கிப்போனது. அவள் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் வலி வந்து சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டது. மோதிரம் போட்ட விரலால் கதவுக் கம்பியைத் தட்டினாள். டொக் டொக். சற்று நிறுத்தி, டொக். ராத்திரிகளில் வீட்டை எழுப்பாமல் அவனை மட்டும் எழுப்ப, இரும்புக் கட்டிலில் அவள் தட்டுகிற தாளம் அது. திருப்பிப் போடுங்கள் என்று அர்த்தம். இந்தத் தாளத்துக்கு எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுந்துவிடுவான்.

முதலில் வெள்ளையில் ஏற்றினார்கள். யார்டு வாசலைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏற்றினான். பின்னால் வந்த கூச்சலில் ஸ்டியரிங்கிலிருந்து கை நழுவியது. சீட்டு பலகை மாதிரி இருக்கிறது, முதுகில் ஆணி அறைகிற மாதிரி இருக்கிறது என்றாள். திரும்பிவிட்டார்கள்.

பிறகு கறுப்பு.

கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. மெழுகுக்கடியில், ஊதுபத்தி மாதிரி ஏதோ வாசனைத் திரவம் தெளித்திருந்ததற்கும் அடியில், தைலம் தேய்த்த உடம்பின் வாசனை. நோயாளி வெகுநாள் படுத்த அறையில் வருமே, அது. சீட்டு பழுப்பு நிற வெல்வெட். இடது ஓரத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. அவன் கையால் தட்டிச் சரிசெய்தான். பஞ்சு எழும்பவில்லை. உள்ளங்கையில் லேசான சூடு. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தான். வெயிலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவளை வலது பக்கம் உட்காரவைத்தார்கள். மச்சினன் முன்னால் ஏறிக்கொண்டான். வண்டி படகு மாதிரி நகர்ந்தது. அதே வேகத்தடை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினான்.

சத்தமே இல்லை.

கண்ணாடியில் பார்த்தான். அவள் தூங்கியிருந்தாள்.

எத்தனை மாதமாயிற்று அந்த முகத்தில் தூக்கத்தைப் பார்த்து! நெற்றிச் சுருக்கம் போய், வாய் குழந்தை மாதிரி லேசாகத் திறந்திருந்தது. மச்சினன் மெதுவாக மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.  அவனுக்கு, அப்படியே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் போலிருந்தது.

பிறகுதான் அவள் தலையைக் கவனித்தான்.

இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. சீட்டின்மேல் இல்லை. சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, வெறும் காற்றில், ஒரு தோள் இருக்க வேண்டிய உயரத்தில் சாய்ந்து நின்றிருந்தது. வளைவில் திரும்பினான். தலை சரியவில்லை. பிரேக் போட்டான். தலை அசையவில்லை. இடது ஜன்னல் கண்ணாடியில் மட்டும் உள்பக்கமாக ஒரு சின்ன வட்டம் பனி பூத்தது. மறைந்தது. மறுபடி பூத்தது.

ரோட்டைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

யார்டில் இறக்கும்போது இன்னொன்று நடந்தது. தினமும் அவளைத் தூக்குகிறவன் அவன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு. மூட்டை மாதிரி தூக்காதீர்கள், நான் என்ன லாரி லோடா என்று அவள் திட்டத் திட்ட, அவள் கனம் அவன் கைகளுக்கு மனப்பாடம். இப்போது தூக்கியபோது, நிறைகுடம் என்று நினைத்துக் காலிக் குடத்தைத் தூக்கினால் கை எகிறுமே, அப்படி எகிறியது.

அவள் கண்ணைத் திறந்து, இறக்கிவிடச் சொன்னாள். இறக்கிவிட்டான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சொந்தக் காலில் சற்றுதூரம் நடந்தாள்.

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டான். பாலிஷுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை.

"நான் சொல்லல? அந்த சீட்டு அப்படி சார். முன்ன வச்சிருந்தவர் வீட்டம்மாவும் இப்படித்தான், படுத்த படுக்கை. தினம் இதுல உக்காரவச்சு ஊரச் சுத்திக் காட்டுவாரு. ஒருநாள் அந்தம்மா தானே கதவத் திறந்து இறங்கி நடந்து போனாங்களாம்."

பிறகு ஏன் விற்றார் என்று அவன் கேட்டான்.

பாலிஷ் துணியால் கறுப்பு வண்டியின் மூக்கைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "அதான் சார் எனக்கும் புரியல. வீட்ல ஆளு எழுந்து நடந்தா மனுஷன் சந்தோஷமாத்தானே இருக்கணும்? அழுதுகிட்டே சாவியக் குடுத்தாரு. பேரம்கூடப் பேசல. 'நல்லாத்தான் இருக்கா, ரொம்ப நல்லாத்தான் இருக்கா'ன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தாரு. போகும்போது மட்டும் பின்சீட்டுப் பக்கம் வந்து, கண்ணாடியத் தொட்டு, ரொம்ப நேரம் நின்னாரு."

கூரையில் மழை வலுத்தது. அவன் கறுப்பு வண்டியைப் பார்த்தான்.

இப்போது இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்திருந்தது.

இது வேண்டாம் என்றான். ஏன் என்று மனைவி கேட்டாள். என்ன சொல்வது? வண்டி சாய்கிறது என்றா? ஜன்னல் மூச்சுவிடுகிறது என்றா? எஞ்சின், எண்ணெய்க் கசிவு என்று மச்சினன் சொன்னதையே திருப்பிச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணில் நீர் வழிய, அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல வலிக்கலைங்க. கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம் வலியே இல்ல. அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு எனக்கு."

ஒரு பக்கம் அவளைக் கொல்லாமல் கொல்லும் வண்டி. இன்னொரு பக்கம் அந்தக் கறுப்பு. நாளை மாலை டாக்டர் காத்திருக்கிறார். அவனுக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வழி சொன்னது மச்சினன்தான். சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டும் ஒரே மாடல். ஒரே அளவு. கறுப்பின் சீட்டைக் கழற்றி வெள்ளையில் மாட்டினால்? எஞ்சின் புதுசு, சீட்டு பழசு. பாம்பும் சாகும், கோலும் முறியாது.

அவன் யோசித்தான். யோசித்தான் என்று சொல்வது அதிகப்படி. பிடிக்க ஒரு கிளை கிடைத்ததும் பிடித்துக்கொண்டான். சாய்வது ஸ்பிரிங். கசிவது எஞ்சின். சூடும் பனியும் பழைய வண்டிக்குள் அடைந்த காற்று. சீட்டு வெறும் பஞ்சும் துணியும்தானே, அது என்ன செய்யும்? இப்படி ஒவ்வொன்றாக அடுக்கி, தன் பயத்தையெல்லாம் கறுப்பு வண்டியின் தகரத்துக்குள் போட்டு மூடினான். சரி என்றான்.

சீட்டு வேலைக்காரர் வந்தார். போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு இழுத்தார். வரவில்லை. மறைந்திருக்கும் போல்ட் ஏதாவது உண்டா என்று டார்ச் அடித்துத் தேடினார். இல்லை. இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டார். நாலு பேரும் சேர்ந்து, வாசல்படியில் பீரோவைத் திருப்புகிறவர்கள் மாதிரி மூச்சுப்பிடித்து அதை வெளியே கொண்டுவந்தார்கள். பஞ்சு தண்ணி குடிச்சிருக்கும்போல என்று ஒருத்தர் சொன்னார். சீட்டு வேலைக்காரர் துணியைத் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. தன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை. வெள்ளையில் மாட்டிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவன் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தான். கண் கேட்கவில்லை.

கறுப்பு வண்டி நேராக நின்றது. நாலு சக்கரமும் ஒரே மட்டம்.

வெள்ளை வண்டி சாய்ந்திருந்தது.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சினன் பாலிஷிடம் பேசி முடித்துவிட்டான். அவள் வெள்ளை வண்டியின் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, ஏறத் தயாராக, பசித்தவர்கள் இலையைப் பார்ப்பதுபோல் அந்த சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏற்றினான்.

மச்சினன் சின்னக் காரை எடுத்துக்கொண்டு, துணிமணிகளைக் கட்டிவைக்க முன்னாலேயே வீட்டுக்குப் போனான். அவன் வெள்ளை வண்டியை மெதுவாக ஓட்டினான். கதவு சாத்தியதும் மழைச்சத்தம் அறுந்துபோயிருந்தது. கண்ணாடியில் நீர் வழிவது தெரிந்தது, கேட்கவில்லை. எஞ்சின் ஓடுவது தெரிந்தது, கேட்கவில்லை. காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி ஒரு அமைதி. அதற்குள் அவனுடைய மூச்சு, பின்னால் அவளுடைய மூச்சு, சற்றே தாமதமாக, மூக்கடைத்தவர்கள் விடுவதுபோல் இழுத்து இழுத்து இன்னொன்று.

தைல வாசனை முன்சீட்டுவரை வந்தது.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"குளிருதா?"

"இல்லைங்க. ஒண்ணுமே இல்லைங்க."

அவன் காத்திருந்தான். அந்தப் பதிலின் வாலில் ஒரு எடைக்காரரே வரும். ஒரு குத்தல் வரும். அவ்வளவு பெரிய வண்டியை ஆமை மாதிரி ஓட்டறீங்களே என்றாவது வரும்.

வரவில்லை.

கண்ணாடியில் பார்த்தான். அவள் கண்ணைத் திறந்துகொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். புன்னகை. விழுவதற்கு முன்னால் எடுத்த போட்டோக்களில் இருக்கிற அதே புன்னகை. இடது ஜன்னல் முழுக்கப் பனி மூடியிருந்தது. இப்போது வலது ஜன்னலும்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் எடை மேடை. விடுமுறை நாள். லாரி எதுவும் இல்லை. சாவி அவன் பையில். வண்டியைத் திருப்பும்போது தன்னை அறியாமல் திருப்பவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும். பைத்தியம் பிடிக்கிறதா, இல்லையா? அதற்கு அவனுக்குத் தெரிந்த கோர்ட் ஒன்றுதான். இரும்பு மேடை. அதன்மேல் சிவப்பு எண்.

டயரில் காற்றோ என்னவோ பார்க்க வேண்டும், ஒரு நிமிஷம் என்று உளறினான். சரிங்க என்றாள். அதற்கும் சரிங்க.

மேடையின் நடுவில் நிறுத்திவிட்டு இறங்கினான். கதவைச் சாத்தினான். மழை மறுபடி காதில் அறைந்தது. ஓடி, கேபினின் தகரப் படிகளில் ஏறினான். அந்தப் படிகள் பூனை ஏறினாலும் கிறீச்சிடும். கதவைத் திறந்து விளக்கைப் போட்டான். எண் கண் விழித்தது. குதித்தது. நின்றது.

நேற்றைய எண் மண்டையில் இருந்தது. அதில் அவளைக் கூட்டினான். ஒரே மாதிரி சீட்டுக்கு ஒரே மாதிரி சீட்டு, அதில் பெரிய வித்தியாசம் வராது. டீசல் போட்டிருந்தாலும் கொஞ்சம்தான்.

மிச்சம் ஒரு ஆள் இருந்தது.

மறுபடி கூட்டினான். ஒரு ஆள். மெலிந்த ஒரு ஆள்.

கேபின் ஜன்னல் வழியே பார்த்தான். வண்டியின் பின்கதவு திறந்தது.

அவள் இறங்கினாள்.

தானே. யாரையும் பிடிக்காமல். மழையில் நிமிர்ந்து நின்று, கதவை மெதுவாகச் சாத்தினாள். நடந்தாள். முதுகில் வளைவில்லை. கையை வீசிக்கொண்டு, கல்யாணமான புதிதில் கடைத்தெருவில் அவனுக்கு முன்னால் நடப்பாளே, அந்த நடை. அவன் கண் கலங்கியது. எத்தனை ராத்திரி கேட்டிருப்பான் இதை! சுவரிடம் கேட்டிருக்கிறான். கூரையிடம் கேட்டிருக்கிறான். ஒரே ஒரு தடவை நடக்கட்டும், என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று.

எண்ணைப் பார்த்தான்.

இறங்கவில்லை. இன்னும் மேடைமேல்தானே நடக்கிறாள்.

அவள் மேடையின் விளிம்பைத் தாண்டி மண்ணில் கால் வைத்தாள். இப்போது அவள் கனம் குறைய வேண்டும். குறைந்தே ஆக வேண்டும். இத்தனை வருடத்தில் இந்த மேடை ஒரு மூட்டைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

எண் அப்படியே நின்றது.

படிகளில் ஏறினாள். தகரம் கிறீச்சிடவில்லை.

கதவில் நின்றாள். தலைமுடி நனைந்திருந்தது. தரையில் சொட்டவில்லை.

"பாத்தீங்களா? நடந்தே வந்துட்டேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"வலி போயிடுச்சுங்க. முழுசா. ஆஸ்பத்திரி வேண்டாம். வீட்டுக்குப் போலாம்."

பக்கத்தில் வந்தாள். அவன் தோளில் கை வைத்தாள். கை தெரிந்தது. விரல்கள் தெரிந்தன. கனம் இல்லை. மோதிர விரலில் ஒரு வெளுத்த வட்டம் இருந்தது. மோதிரம் இல்லை.

அவன் வண்டியைப் பார்த்தான்.

பின் ஜன்னலில், பனிக்கு உள்ளே, ஒரு உள்ளங்கை. விரல்கள் விரிந்து ஒட்டியிருந்தன. பனி கலைந்த இடத்தில் ஒரு வாய். திறந்து மூடியது. திறந்து மூடியது. கத்துகிறது. ஒன்றும் கேட்கவில்லை. டைட்டான வண்டி. மழை மட்டும்தான் கேட்டது. ஒரு விரல் கண்ணாடியைத் தட்டியது. ஏதோ மினுங்கியது அதில்.

எண் நடுங்கியது.

உள்ளங்கைக்குப் பின்னாலிருந்து இன்னொரு கை வந்தது. எலும்பும் நரம்புமாக. அவசரமே இல்லாமல். குழந்தையைச் சமாதானம் செய்வதுபோல் அந்தக் கையைப் பற்றி உள்ளே இறக்கியது.

இறங்கி ஓட வேண்டும். கதவைத் திறக்க வேண்டும். பிடித்து இழுக்க வேண்டும். கால்களுக்கு உத்தரவு போட்டான். இழுத்தால் என்ன வரும்? அந்த வலி வரும். அந்தக் கூச்சல் வரும். கையெடுத்துக் கும்பிட்டு, ரோட்டில் போட்டுவிட்டுப் போ என்று கெஞ்சிய அவள் வருவாள். இங்கே, பக்கத்தில், நிமிர்ந்து நின்று, சிரித்துக்கொண்டு...

மைக்கை எடுத்தான். அது ஒன்றுதான் கைக்கு எட்டியது. வாய்க்கு எட்டியதும் ஒன்றுதான். வெளியே கம்பத்தின்மேல் இருந்த ஒலிபெருக்கி, மழைக்குள் அவன் குரலிலேயே கேட்டது.

"எல்லாரும்... இறங்கியாச்சா?"

வண்டியிலிருந்து பதில் இல்லை.

காதோரமாக, மூச்சுப் படாமல், பதில் வந்தது.

"எல்லாரும் இறங்கியாச்சுங்க."

விரல் பொத்தான்மேல் இருந்தது. எப்போது போனது? பழக்கமா, ஆசையா? அழுத்தினானா, அழுத்தப்பட்டதா? க்ளிக் என்ற சத்தம் மட்டும் நிச்சயம்.

சைபர்.

அவள் போலாம் என்றாள். கையைப் பிடித்தாள். பிடித்த மாதிரியே இல்லை. அவன் அவளோடு எழுந்தான். விளக்கை அணைத்தான். அணைத்த இருட்டில் அந்தச் சிவப்பு எண் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பார்க்காமல் போயிருக்கலாம்.

காலி வண்டியின் எண் அசையாது.

அது அசைந்தது. சைபரிலிருந்து துள்ளி, விழுந்து, துள்ளியது. இரண்டு துள்ளல். சற்று நிறுத்தி, ஒரு துள்ளல்.

மறுபடி இரண்டு. சற்று நிறுத்தி, ஒன்று.